புது ஊரில் நல்ல மெக்ஸிகன் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் புது ஊருக்குக் குடிவந்திருக்கிறோம், வீட்டைச் சுற்றி ஐந்தாறு மெக்ஸிகன் உணவகங்களும் சாலையோரம் டாக்கோ (சிறிய மக்காச்சோள ரொட்டியில் கறி வைத்து மடித்தது) விற்கும் வண்டிகளும் இருக்கின்றன, எங்கே தொடங்குவது, என்ன கேட்டு வாங்குவது, மாடும் பன்றியும் தொடாதவர்களும் சைவக்காரர்களும் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்த்து ‘ஊரிலேயே சிறந்த மெக்ஸிகன்’ என்று ஒன்றைத் தேடாதீர்கள். இந்தக் கடைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கைவந்த பண்டம் ஒன்றோ இரண்டோதான். பலகையில் நாற்பது வகை எழுதியிருந்தாலும் விஷயம் தெரிந்தவர்கள் அந்த ஒன்றிரண்டுக்காகத்தான் வரிசையில் நிற்கிறார்கள். பிர்ரியாவுக்கு (மிளகாய் மசாலாவில் குழைய வெந்த கறி) பேர்போன வண்டியில் கோழி புரிட்டோ (கோதுமை ரொட்டியில் சுருட்டியது) வாங்கிவிட்டு ‘சுமார்’ என்று முடிவுகட்டுவது, பிரியாணிக் கடையில் தோசை கேட்டு வாங்கிக் குறைசொல்வது மாதிரி. அந்தப் பண்டம் எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. கடைக்காரர் மெக்ஸிகோவின் எந்தப் பகுதிக்காரர் என்று தெரிந்தால் அதில் பாதி முடிந்தது.

கடைப் பெயரிலேயே ஊர் இருக்கும். பொப்லானோ, புவெப்லா என்று இருந்தால் மோலே பொப்லானோவும் (மிளகாய், எள், கடலை அரைத்த கெட்டிக் குழம்பு), எள் தூவிய ரொட்டியில் அடுக்கும் செமித்தா என்ற சாண்ட்விச்சும் கேளுங்கள். ஓஹாக்கா என்றால் த்லயூதா (பெரிய, மொறுமொறு டோர்ட்டியா என்ற ரொட்டிமேல் பயறு, நூல் நூலாகப் பிரியும் கெசியோ சீஸ்), கருப்பு மோலே. ஹலிஸ்கோ என்றால் பிர்ரியா, சாறில் முக்கியெடுத்த தோர்த்தா ஆஹொகாதா என்ற சாண்ட்விச். மிச்சோவகான் என்றால் கார்னித்தாஸ் (கொழுப்பிலேயே மெல்ல வெந்த பன்றியிறைச்சி). சினலோவா என்றால் கடலுணவு. சொனோரா என்றால் கரியில் சுட்ட மாட்டிறைச்சியும் கைக்குட்டை மாதிரி மெல்லிய கோதுமை டோர்ட்டியாவும். யுகதான் என்றால் வாழையிலையில் பொதிந்து வேகவைத்த கொச்சினீத்தா பிபில் என்ற பன்றியிறைச்சி. ஒரு விதிவிலக்கு: ‘லா மிச்சோவகானா’ என்ற பெயரைப் பார்த்ததும் கார்னித்தாஸ் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரில் ஊருக்கு ஊர் குச்சி ஐஸ் கடைகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே நிறுவனமும் அல்ல.

நீங்கள் இருக்கும் நகரமும் துப்பு கொடுக்கும். நியூயார்க்கில் புவெப்லாக்காரர்கள் மிகுதி. சிகாகோவில் மிச்சோவகான், ஹலிஸ்கோ, கெர்ரெரோ. டூசான், ஃபீனிக்ஸ் பக்கம் சொனோரா. லாஸ் ஏஞ்சலீஸில் ஓஹாக்காக்காரர்கள் தனிச் சமூகமாகவே இருக்கிறார்கள். பெயரிலும் நகரத்திலும் பிடிபடாவிட்டால் ஜன்னலில் நிற்பவரிடம் ‘குவால் எஸ் லா எஸ்பெசியாலிதாத்?’ (எது உங்கள் ஸ்பெஷல்?) என்று கேட்டுவிடுங்கள். எந்த ஊர்க்காரர் என்பதை நான்கைந்து முறை போய் முகம் பழகிய பிறகு கேட்டால் போதும். முதல் நாளே சொந்த ஊர் விசாரிப்பது குடியேறி வந்த பலருக்குச் சங்கடம்.

மஞ்சள் சீஸ், சீரக வாசனை தூக்கலான கிரேவி, உட்கார்ந்ததும் இலவசமாக வரும் சிப்ஸ், 1 முதல் 30 வரை எண் போட்ட காம்போத் தட்டுகள் இருந்தால் அது டெக்ஸ்-மெக்ஸ் (டெக்ஸஸ் பாணி மெக்ஸிகன்) கடை. இதை ‘போலி மெக்ஸிகன்’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லையின் இரு பக்கமும் தலைமுறைகளாக வாழ்ந்த மக்களின் சமையல் அது. நாச்சோ (சிப்ஸ்மேல் உருக்கிய சீஸ்) 1940-களில் எல்லையோர ஊரான பியெத்ராஸ் நெக்ராஸில் பிறந்தது. ஃபஹீத்தா (சுட்டுக் கீற்றாக நறுக்கிய மாட்டிறைச்சி) தெற்கு டெக்ஸஸின் மாட்டுப்பண்ணைத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. அங்கே போனால் கோதுமை டோர்ட்டியா கடையிலேயே தேய்க்கிறார்களா, என்சிலாடாவின் (டோர்ட்டியாவைச் சுருட்டிக் கிரேவி ஊற்றியது) மிளகாய்க் கிரேவி எப்படியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே உட்கார்ந்து அல் பாஸ்தோர் (சுழல்கம்பியில் சுட்டுச் சீவும் பன்றியிறைச்சி) கேட்காதீர்கள். நியூ மெக்ஸிகோ மாநிலம் இன்னொரு தனிக் கதை. அங்கே ‘சிவப்பா பச்சையா?’ என்று மிளகாய்ச் சாறைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டும் வேண்டுமென்றால் ‘கிறிஸ்மஸ்’ என்று சொல்ல வேண்டும்.

எந்தக் கடையானாலும் முதலில் பார்க்க வேண்டியது டோர்ட்டியா. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அதிலேயே ஓர் இரவு ஊறவிட்டு, கழுவி அரைத்த மாவுதான் மாசா. ஒரு கிலோ சோளத்துக்குச் சுமார் 10 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு தோலைக் கழற்றுகிறது, மாவுக்குப் பசையைக் கொடுக்கிறது, சோளத்துக்குள் சிக்கியிருக்கும் நயாசின் சத்தையும் உடம்பில் சேரும்படி விடுவிக்கிறது. வெறும் சோளமாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் டோர்ட்டியா தட்ட வராது, விண்டு போகும். சுடச்சுட ஒரு டோர்ட்டியாவை மோந்து பாருங்கள். ஈரமண்ணும் வேகவைத்த சோளமும் கலந்த ஒரு வாசனை வரும். அது சுண்ணாம்பின் கைவேலை.

சமையலறை தெரிகிற இடத்தில் நின்று கவனியுங்கள். எலுமிச்சை அளவு உருண்டை, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து ஓர் அழுத்து, நேரே சூடான கல்லில். முதல் பக்கம் சில நொடிதான், ஓரம் கல்லைவிட்டுப் பெயர்ந்ததும் திருப்பிவிடுவார்கள். இரண்டாம் பக்கம் ஒரு நிமிடம் போல. மறுபடி திருப்பியதும் நடுவில் விரலால் லேசாகத் தட்டுவார்கள். பூரி மாதிரி உப்பி அடங்கும். உப்பினால் உள்ளே ஆவியில் வெந்திருக்கிறது என்று பொருள். கல் சூடு குறைவாக இருந்தாலோ மாவு காய்ந்திருந்தாலோ உப்பாது, மடித்தால் முதுகு பிளக்கும். கையால் தட்டும் இடம் என்றால் ‘எச்சாஸ் அ மானோ’ என்று எழுதியிருப்பார்கள். வண்டிகளில் பெரும்பாலும் ஊர் டோர்ட்டியா ஆலையிலிருந்து வாங்கியதைத்தான் சுடவைக்கிறார்கள். அதில் தவறில்லை. இறைச்சிக் கொழுப்பில் லேசாகப் புரட்டி, இரண்டு பக்கமும் புள்ளி விழுமளவு சூடாக்கித் தந்தால் நன்றாகவே இருக்கும். மெல்லிய ஆலை டோர்ட்டியா சாறில் ஊறிக் கிழியும் என்பதால்தான் இரண்டு அடுக்கித் தருகிறார்கள். சிந்தியதை அள்ளி இரண்டாவதில் இன்னொரு டாக்கோ செய்துகொள்ளலாம். குளிர்ந்து, விறைப்பாக, கல்லில் படாமல் கையில் வந்தால் அந்த வண்டிக்குத் திரும்பப் போக வேண்டாம்.

தேடும் இடமும் நேரமும் பற்றி. வரைபடத்தில் ஆங்கிலத்தில் தேடினால் பெரிய உணவகங்கள்தான் மேலே வரும். ‘டாக்கெரியா’, ‘பிர்ரியெரியா’, ‘மரிஸ்கோஸ்’ (கடலுணவு), ‘டோர்ட்டியெரியா’, ‘லோன்செரா’ (உணவு வண்டி) என்ற ஸ்பானியச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். ‘கார்னிசெரியா’ என்ற இறைச்சிக்கடைகளையும் விடாதீர்கள். பலவற்றில் பின்பக்கம் ஒரு சிறு சமையலறை இருக்கும், ஊரின் நல்ல சாப்பாடு சில நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். வார இறுதியில் ‘புல்கா’ எனப்படும் பழைய பொருள் சந்தைகள், கால்பந்து மைதான ஓரம், டயர்க் கடை வாசல், பெட்ரோல் நிலையம், இவையெல்லாம் வண்டிகள் நிற்கும் இடங்கள். வண்டிக்கு வரைபடத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். அன்றன்றைக்கு எங்கே நிற்கிறோம் என்று இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோதான் போடுவார்கள்.

நேரம் தப்பினால் பண்டமே இருக்காது. பார்பகோவாவும் (நெடுநேரம் மெல்ல வெந்த கறி) மெனுடோவும் (மாட்டுக் குடல் சூப்) சனி, ஞாயிறு காலைச் சாப்பாடு. நண்பகலுக்குப் போனால் பாத்திரம் காலி. கார்னித்தாஸும் வார இறுதியில்தான் அடுப்பிலிருந்து புதிதாக இறங்கும். அல் பாஸ்தோர் சாயங்காலப் பண்டம். சில வண்டிகளில் வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும்தான் கம்பி சுழலும்.

அந்தச் சுழல்கம்பிக்கு ‘த்ரோம்போ’ என்று பெயர், பம்பரம் என்று பொருள். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா, மெக்ஸிகோவில் பன்றியிறைச்சிக்கு மாறி, குவஹியோ மிளகாயும் அச்சியோத்தே விதையும் சேர்ந்து சிவந்து இந்த வடிவம் எடுத்தது. இதை வாங்குமுன் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். பக்கவாட்டில் தீ எரிகிறதா? வெட்டுபவர் வெந்து கருகிய மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி நேரே டோர்ட்டியாவில் விழவைக்கிறாரா? கடைசியில் மேலே செருகியிருக்கும் அன்னாசியைக் கத்தி நுனியால் ஒரு துண்டு தட்டிவிடுகிறாரா? அப்படியானால் தயங்காமல் வாங்குங்கள். கம்பி சும்மா நிற்க, கல்லில் குவித்த சிவப்பு இறைச்சியிலிருந்து அள்ளிப் போட்டால் அது மசாலா தடவிய வறுவல், அவ்வளவுதான். கடை திறந்த உடனேயும் போக வேண்டாம், மேல்தோல் சிவக்க நேரமாகும். தீயை அணைத்துவிட்டு வெதுவெதுப்பாக நிற்கும் கம்பியிலிருந்து வாங்கவே வாங்காதீர்கள்.

வண்டியில் சொல்லும் முறை எளிது. எண்ணிக்கை, இறைச்சி, ‘கோன் தோதோ’. அதாவது ‘எல்லாம் போட்டு’, பெரும்பாலும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும். ‘தோஸ் தே போயோ, கோன் தோதோ’ என்றால் கோழியில் இரண்டு. டோர்ட்டியா உள்ளங்கையளவுதான் என்பதால் ஓர் ஆளுக்கு மூன்று, நல்ல பசியென்றால் ஐந்து. ஒரு டாக்கோ பெரும்பாலும் 2 டாலருக்கும் 4 டாலருக்கும் இடையே இருக்கும். சில்லறை நோட்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அட்டை வாங்காத வண்டிகள் இன்னும் உண்டு. முதல் சுற்றில் இரண்டு வாங்கி, பிடித்திருந்தால் மறுபடி போய் நில்லுங்கள். ஆறையும் ஒரேயடியாக வாங்கினால் கடைசி இரண்டு ஆறிவிடும்.

இறைச்சிப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்வது உங்களுக்கு அவசியம், ஏனென்றால் பலகையில் விலங்கின் பெயர் இருக்காது. அசாதா, சுவாதெரோ, லெங்குவா (நாக்கு), கபேசா (தலைக்கறி), கச்சேத்தே (கன்னம்) எல்லாம் மாடு. பாஸ்தோர், அதோபாதா, கார்னித்தாஸ், புச்சே, கொச்சினீத்தா பன்றி. சோரிசோவும் பெரும்பாலும் பன்றிதான். போயோ கோழி, சீவோ ஆடு, பொர்ரெகோ செம்மறி, பெஸ்காதோ மீன், கமரோன் இறால். ஏமாறும் இடம் பிர்ரியாவும் பார்பகோவாவும். பிர்ரியா ஹலிஸ்கோவில் ஆட்டுக்கறி. அமெரிக்க வண்டிகளில், குறிப்பாகச் சீஸ் போட்டுச் சிவப்பாகப் பொரித்து, தொட்டுக்கொள்ளச் சாறும் தருகிற கெசபிர்ரியாவில், அநேகமாக மாடு. பார்பகோவா ஹிதால்கோ மாநிலத்தில் செம்மறி, டெக்ஸஸில் மாட்டுக் கன்னம். ‘எஸ் தே ரெஸ் ஓ தே சீவோ?’ (மாடா, ஆடா?) என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோழி மட்டும் வாங்கினாலும் எல்லா இறைச்சியும் ஒரே கல்லில்தான் புரளும். அது ஒத்துவராதென்றால் வண்டியை விட்டுவிட்டு, தனிச் சட்டியில் செய்யும் உணவகத்துக்குப் போவதே நல்லது.

சைவக்காரர்களுக்கு மெக்ஸிகன் சமையலில் எதிர்பார்ப்பதைவிட நிறைய இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கண்ணிகளும் இருக்கின்றன. முதல் கண்ணி பயறு. மசித்து வதக்கும் ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸைப் பல கடைகளில் ‘மன்தேகா’வில், அதாவது பன்றிக் கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். ‘மன்தெகீயா’ என்றால் வெண்ணெய், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாவது கண்ணி செந்நிறச் சோறு. கோழிச் சாறிலோ கோழித்தூள் போட்ட நீரிலோ வெந்திருக்கும். மூன்றாவது டமாலே (சோளத்தோலில் பொதிந்து ஆவியில் வேகவைத்த மாசா); உள்ளே காய்கறி இருந்தாலும் மாவு கொழுப்பில் அடித்ததாக இருக்கலாம். மோலேயிலும் கோழிச் சாறு சேரும், அதில் நிலக்கடலை, எள் இருப்பதால் ஒவ்வாமை உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். சால்சா மாச்சா என்ற எண்ணெய்ச் சால்சாவிலும் பெரும்பாலும் நிலக்கடலை உண்டு. ‘கார்னே வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கோழி போட்டுக் கொடுத்துவிடுவார்கள், பேச்சுவழக்கில் பலருக்குக் கார்னே என்றால் மாட்டிறைச்சிதான். ‘நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி மன்தேகா’ என்று முழுசாகச் சொல்லுங்கள்.

தைரியமாகக் கேட்கக்கூடியவை: ராஹாஸ் கோன் கேசோ (சுட்டுத் தோலுரித்த பொப்லானோ மிளகாய்க் கீற்றும் சீஸும்), நோபாலெஸ் (முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், வெண்டைக்காய் வழவழப்பு பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும்), பூசணிப்பூ கெசடியா (சீஸ் வைத்து மடித்துச் சுட்ட டோர்ட்டியா), மழைக்காலத்தில் சோளக்கதிரில் வளரும் பூஞ்சையான வித்லகோச்சே, உருளைக்கிழங்கு டாக்கோ. சோள டோர்ட்டியாவில் பெரும்பாலும் சோளம், சுண்ணாம்பு, தண்ணீர்தான். கைத்தேய்ப்புக் கோதுமை டோர்ட்டியாவில் கொழுப்பு இருக்கலாம், கேளுங்கள். முட்டை தவிர்ப்பவர்கள் சீலே ரெயெனோவையும் (அடைத்த மிளகாயை முட்டை நுரையில் தோய்த்துப் பொரிப்பது), மயோனைஸ் தடவிய சுட்ட சோளக்கதிரையும் விட வேண்டும்.

சால்சா விஷயத்தில் நிறத்தைப் பார்த்துக் காரத்தை எடைபோடாதீர்கள். பச்சை காரமில்லாதது, சிவப்பு காரமானது என்பது பொய்க்கணக்கு. வெளிர்பச்சையாக, மழமழவென்று இருப்பதை அவகாடோ என்று நினைத்து ஊற்றிக்கொள்வார்கள். பல வண்டிகளில் அது ஹலபேன்யோ மிளகாயை எண்ணெயோடு அடித்தது, காது சிவக்கும். ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் ஹபனேரோ, மிகக் காரமான மிளகாய். டாக்கோவின் ஒரு முனையில் ஒரு சொட்டு விட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எலுமிச்சையைக் கடிக்கும் நொடியில் பிழியுங்கள், முன்கூட்டியே பிழிந்தால் டோர்ட்டியா நைந்துவிடும்.

சுத்தம் பற்றி. உரிமம் பெற்ற வண்டியில் கவுண்டி (மாவட்டம்) சுகாதாரத் துறையின் ஒட்டுத்தாள் தெரியும்படி இருக்கும். லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டி போன்ற இடங்களில் எழுத்து மதிப்பும் உண்டு, 90 புள்ளியோ அதற்கு மேலோ என்றால் ஏ. பல கவுண்டிகள் சோதனை முடிவுகளை இணையத்திலேயே வைத்திருக்கின்றன, முதல் முறை போகுமுன் ஒரு நிமிடம் பாருங்கள். நடைபாதையில் மேசை போட்டு விற்பவர்களை ஒட்டுமொத்தமாகச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியா 2018-ல் கொண்டுவந்த எஸ்பி 946 சட்டம் நடைபாதை வியாபாரத்தைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது, 2022-ன் எஸ்பி 972 அவர்கள் உணவு உரிமம் பெறுவதை எளிதாக்கியது. நீங்களே கண்ணால் பார்க்கக்கூடியவை: சால்சாக் கிண்ணங்கள் பனிக்கட்டியில் இருக்கின்றனவா, கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா, பணம் வாங்கும் கையும் டோர்ட்டியா எடுக்கும் கையும் வேறுவேறா. சூடான உணவு 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது, குளிர்ந்தது 41-க்கு மேலே ஏறக்கூடாது என்பதுதான் சோதனைக்காரர்களின் அளவுகோல். பச்சை இறாலை எலுமிச்சைச் சாறில் ஊறவைக்கும் அகுவாச்சிலேயைக் கூட்டம் குறையாத கடலுணவுக் கடையில் மட்டும் சாப்பிடுங்கள்; எலுமிச்சை இறாலை வெளுக்கவைக்கும், நெருப்பு மாதிரிக் கிருமியைக் கொல்லாது. கருவுற்றவர்கள் அதையும், கேசோ ஃப்ரெஸ்கோ சீஸையும் தொட வேண்டாம்.

விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரத்தைவிடப் படங்களைப் பாருங்கள், அதுவும் கடைசி ஒன்றிரண்டு மாதப் படங்கள். ‘டாக்கோ ரொம்பச் சின்னது’, ‘சிப்ஸ் தரவில்லை’, ‘லெட்யூஸும் சீஸும் போடவில்லை’ என்ற புகார்களோடு மூன்றரை நட்சத்திரம் வாங்கிய கடைதான் சில நேரம் நீங்கள் தேடுவது. ‘இறைச்சி காய்ந்திருந்தது’, ‘டோர்ட்டியா ஜில்லென்று இருந்தது’ என்ற புகார் இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்தால் அதை நம்புங்கள். கடைகளை ஒப்பிட எங்கும் ஒரே பண்டத்தைக் கேளுங்கள். கறி சாப்பிடுபவர்கள் ஒரு அசாதாவோ போயோவோ, கூடவே அந்தக் கடையின் ஸ்பெஷல் ஒன்று. சைவக்காரர்கள் ஒரு ராஹாஸ் கெசடியா. ஐந்து கடை முடிந்ததும் யாருக்குக் கல் சூடு தெரிகிறது, யாருக்கு உப்பு தெரிகிறது என்று உங்கள் நாக்கே சொல்லிவிடும்.

குடிக்க ஆகுவா ஃப்ரெஸ்கா (பழம், பூ, தானியத்தில் கலக்கும் குளிர்பானம்) வாங்குங்கள். கண்ணாடி ஜாடியில் கரண்டியோடு இருந்தால் பெரும்பாலும் அவர்களே கலக்கியது, குழாய் இயந்திரத்திலிருந்து வந்தால் சர்க்கரைப்பாகாக இருக்கலாம். ஹமைக்கா என்பது புளிச்சைச் செடியின் சிவந்த புல்லிதழை ஊறவைத்த சாறு. டமரிந்தோ நம் புளியேதான். ஓர்ச்சாத்தா அரிசியும் பட்டையும் சேர்ந்தது, பால் கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பார்சல் கட்டுவதென்றால் டாக்கோ வேண்டாம். மூடிய பெட்டிக்குள் ஆவி அடைத்துப் பத்து நிமிடத்தில் டோர்ட்டியா நைந்துவிடும். கட்டாயமென்றால் வெங்காயம், சால்சா, எலுமிச்சையைத் தனியாக வாங்கி, பெட்டியின் மூடியைச் சற்றே திறந்து வைத்துக் கொண்டுபோங்கள். புரிட்டோவும் தோர்த்தாவும் அரைமணி தாங்கும். கார்னித்தாஸைப் பவுண்டுக் கணக்கில் வாங்கலாம். ஒரு பவுண்ட் மூன்று பேருக்குப் போதும். கேட்கும்போது ‘சுர்தீதா’ என்றால் கறி, தோல், கொழுப்பு எல்லாம் கலந்து வரும், ‘மசீசா’ என்றால் சதைப்பற்று மட்டும்.

எல்லாவற்றிலும் பயணத்துக்குத் தோதானது டமாலே. டிசம்பரில் டஜன் கணக்கில் விற்பார்கள், கிறிஸ்மஸுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்காவிட்டால் கிடைப்பது கஷ்டம். சோளத்தோலோடு அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிடலாம். சாப்பிடும் நாளில் பனி விடும்வரை காத்திராமல், தோலை உரிக்காமல், இட்லிப் பானையில் தட்டின் மேல் செங்குத்தாக நிறுத்தி 25 நிமிடம் போல ஆவியில் வையுங்கள். தோல் மாவில் ஒட்டாமல் சுத்தமாகப் பிரிந்து வந்தால் நடுப்பகுதிவரை சூடாகிவிட்டது, ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம்.